நர்சரியில் கிடைக்காத ஆவாரை

எந்த நர்சரிக்கு வேண்டுமானாலும் போய் ஆவாரஞ்செடி இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். முதலில் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார்கள். "ஆவாரையா? அது ரோட்டோரத்துல கெடக்குமேங்க" என்பார்கள். வந்த ஆளை வெறுங்கையோடு அனுப்ப மனசில்லாமல், மஞ்சள் பூதானே வேண்டும் என்று தங்க அரளியைக் காட்டுவார்கள். தங்க அரளி அமெரிக்கக் கண்டத்துச் செடி. பக்கத்து வரிசையில் காகிதப்பூ இருக்கும், அது தென்னமெரிக்கா. கோயிலுக்கு என்று வாங்கிப்போகிற நித்தியகல்யாணி மடகாஸ்கர். மாலைக்குத் துலுக்கச் சாமந்தி, அது மெக்சிகோ. நம்ம ஊர்ப் பூ என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிற பலதுக்குப் பூர்வீகம் வேறெங்கோ இருக்கிறது. பூர்வீகமே இங்கே இருக்கிற ஆவாரைக்கு மட்டும் நர்சரியில் இடமில்லை.

எனக்கு வெளியூர்ச் செடிகள் மேல் கோபம் ஒன்றும் கிடையாது. எங்கள் கேட்டின் மேலேயே காகிதப்பூ படர்ந்து கிடக்கிறது. ஆனால் நான் இருப்பது காங்கேயம் பக்கம். வருஷத்துக்கு 600 மில்லிமீட்டரை ஒட்டித்தான் மழை, அதுவும் பாதிக்கு மேல் ஐப்பசி கார்த்திகையில் கொட்டிவிட்டுப் போய்விடும். ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஒரு காற்று வரும். காற்றாலைக்காரர்களுக்கு அது வரம். செடி வைத்திருப்பவர்களுக்கு, காலையில் ஊற்றின தண்ணீரை மத்தியானத்துக்குள் உறிஞ்சிக்கொண்டு போகிற காற்று. மண்ணைச் சொல்லவே வேண்டாம். ஒரு அடி தோண்டினால் செஞ்சரளை, அதற்குக் கீழே சுக்கான்பாறை. கடப்பாரை 'ணங்'கென்று திரும்பி வரும். போர்வெல் தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கும். இந்த மண்ணில் ரோஜா வைத்து ஒரு கோடை தாண்ட வைக்கிறவர்களுக்குக் கைராசி இருக்க வேண்டும். அந்த ராசியை வைத்து ஆவாரை வளர்க்க முடியாது. அதற்கு வேறு குணம் வேண்டும்: சும்மா இருக்கத் தெரிய வேண்டும்.

சும்மா இருப்பது ஏன் அவ்வளவு கஷ்டம் என்பதைத்தான் இந்தப் பதிவில் சொல்லப்போகிறேன்.

முதலில், ஏன் ஆவாரை என்று சொல்லிவிடுகிறேன். கொங்குப் பக்கம் போகிப் பண்டிகையன்று சாயங்காலம் காப்புக் கட்டுவோம். வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் சேர்த்து ஒரு கொத்தாகக் கட்டி வீட்டுக் கூரையில், மாட்டுக் கொட்டகையில், கிணற்று மேட்டில், காட்டு மூலையில் செருகுவது வழக்கம். (எங்கள் பேச்சில் காடு என்றால் மானாவாரி நிலம். புலி இருக்கிற காடு இல்லை.) நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது பூளைப்பூவும் ஆவாரம்பூவும் ஒடித்து வரச் சொல்லிப் பிள்ளைகளைத்தான் அனுப்புவார்கள். வீட்டை விட்டு இறங்கினால் வேலி ஓரமெல்லாம் அதுதான். இப்போது சந்தையில் கட்டு கட்டாக விற்கிறார்கள். மூட்டைகளாக எங்கிருந்தோ வண்டியில் வந்து இறங்குகிறது. விலை கொடுத்து வாங்குவதில் எனக்குச் சங்கடம் இல்லை. ஒடித்துவருகிற பாட்டிக்குக் கூலி கிடைத்துப்போகட்டும். சங்கடம் என்னவென்றால், எங்கள் வீட்டைச் சுற்றியே ஒரு செடிகூட இல்லை என்பது. தார்ரோட்டை அகலப்படுத்தினபோது ஓரத்தில் இருந்தது எல்லாம் ஜேசிபியோடு போயிற்று. மிச்சம் இருந்த கொரங்காட்டில் கல் நட்டு மனை போட்டுவிட்டார்கள்.

கொரங்காடு என்றால் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. காங்கேயம் மாடு மேய்கிற மானாவாரி மேய்ச்சல் நிலம் அது. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே வெள்வேல மரம், தரையில் கொழுக்கட்டைப்புல். நடுநடுவே யாரும் வைக்காமல் தானாக வந்து நிற்பது ஆவாரை. ஆடும் மாடும் அதை விரும்பிக் கடிக்காது, துவர்ப்பு. அதனால் எல்லாம் மேய்ந்து தீர்ந்த பங்குனி மாசத்திலும் அது பச்சையாக, பூவோடு நிற்கும். தானாக வந்ததைத் தானாகவே இருக்கும் என்று விட்டுவிட்டோம். நிலம் கை மாறினபோது அதற்காகப் பேச ஆளில்லை.

சரி, செடிக்கு வருவோம்.

நர்சரியில் இல்லை என்பதால் விதைதான் வழி. மாசி பங்குனியில் செடியில் நெத்து காய்ந்து தொங்கும். தட்டையாக, காகிதம் போல மெலிசாக, விரல் நீளத்துக்குக் கொஞ்சம் மேலே. வெளிர்பழுப்பாகிக் காற்றில் சரசரக்கிற நெத்தாகப் பார்த்து எடுங்கள். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் உள்ளே விதைகள் அறை அறையாக வரிசையில் நிற்பது தெரியும். ஒரு நெத்தில் பத்துப் பன்னிரண்டுக்குக் குறையாது. அவ்வளவும் உருப்படியாக இருக்கும் என்று நம்பாதீர்கள். வண்டு ஓட்டை போட்டது நிறைய இருக்கும். தட்டில் கொட்டி ஓட்டை விழுந்ததை எல்லாம் பொறுக்கி எறிந்துவிட வேண்டும்.

மிச்சம் இருப்பதை அப்படியே மண்ணில் போட்டால் பெரும்பாலானது முளைக்காது. விதை கெட்டதால் அல்ல, அதன் தோல் கல் மாதிரி கெட்டி. தண்ணீர் உள்ளே போகாது. வறண்ட நாட்டில் இருக்கிற செடிக்கு அது புத்திசாலித்தனம். கோடையில் எதேச்சையாகப் பெய்கிற ஒரு தூறலை நம்பி எல்லா விதையும் முளைத்துவிட்டால், அடுத்த வாரமே எல்லாம் கருகிவிடும். அதனால் சிலது இந்த வருஷம், சிலது அடுத்த வருஷம், சிலது அதற்கும் அப்புறம் என்று மண்ணுக்குள் தவணை முறையில் காத்துக் கிடக்கிறது. நமக்கு அவ்வளவு பொறுமை இல்லையே. தண்ணீரைக் கொதிக்க வைத்து இறக்கி, கொதி அடங்கினதும் விதையைப் போட்டு ராத்திரி முழுக்க ஊறவிடுங்கள். காலையில் பார்த்தால் சிலது பொம்மென்று உப்பியிருக்கும். அதை விதைக்கலாம். உப்பாமல் கிடப்பதை உப்புத்தாளில் லேசாக ஒரு பக்கம் தேய்த்துவிட்டு மறுபடி ஊறப்போடலாம். அடுப்பில் வைத்தே கொதிக்க விடாதீர்கள், சுண்டலாகிவிடும்.

எங்கே விதைப்பது? முடிந்தால் செடி நிற்கப்போகிற இடத்திலேயே குழிக்கு இரண்டு மூன்று விதை. ஆவாரை முளைத்ததும் செய்கிற முதல் வேலை மேலே வளர்வது அல்ல. ஆணிவேரைக் கீழே அனுப்புவது. மேலே நான்கு இலை இருக்கும்போதே கீழே வேர் அதைவிட நீளமாகப் போயிருக்கும். பாலிதீன் பையில் வளர்த்தால் வேர் அடியில் முட்டிச் சுருண்டுகொள்ளும். பிறகு எடுத்து நடும்போது வேர் அறுந்தால் செடி மனசு விட்டுவிடும். பையில்தான் வளர்க்க வேண்டும் என்றால் நீளமான பையாகப் பார்த்து, சீக்கிரமே, இலை அதிகமாகும் முன்பே நட்டுவிட வேண்டும். ரோட்டோரத்தில் நிற்கிற வளர்ந்த செடியைப் பிடுங்கிவந்து நடலாம் என்ற நினைப்பே வேண்டாம். அது வராது. இருந்த செடியும் போச்சு.

விதைக்க நல்ல காலம் புரட்டாசி. வடகிழக்குப் பருவமழைக்கு முன்னே முளைத்து வந்துவிட்டால், மழைக்காலம் முழுக்க வேர் இறங்க நேரம் கிடைக்கும். தை பிறக்கும்போது செடி முழங்காலுக்கும் கீழேதான் இருக்கும், ஆனால் கோடைக்குத் தயாராகியிருக்கும். முதல் கோடைக்கு மட்டும் வாரம் ஒரு முறை ஒரு குடம். ஆழமாக இறங்குகிற மாதிரி மெதுவாக ஊற்ற வேண்டும். தினமும் ஒரு சொம்பு தெளித்தால் வேர் மேலேயே நின்றுவிடும், பழக்கமும் கெட்டுவிடும். இரண்டாம் வருஷத்தில் இருந்து எதுவும் வேண்டாம். ஒன்றும் வேண்டாம் என்றால் நிஜமாகவே ஒன்றும் வேண்டாம். மண்புழு உரம், தொழு உரம், பஞ்சகவ்யம் எதுவும் காட்டாதீர்கள். உரம் போட்ட ஆவாரை தளதளவென்று இலையாக வளரும், பூவைக் குறைத்துக்கொள்ளும். தண்ணீர் தேங்கினால் கீழ் இலை மஞ்சளாகி, வேர் அழுகி, ஒரு நாள் நின்ற நிலையிலேயே போய்விடும். சொட்டுநீர்க் குழாயை மற்ற செடிகளோடு சேர்த்து இதற்கும் போடுகிறவர்கள் செடியை வளர்க்கவில்லை. சீக்கிரம் அனுப்பிவைக்கிறார்கள்.

இதைத்தான் கஷ்டம் என்றேன். வீட்டில் தோட்டம் வைத்திருப்பவர்களுக்குக் கையில் ஹோஸ் இருந்தால் எதன் மேலாவது பீய்ச்சியே ஆக வேண்டும். எங்கள் வீட்டில் அத்தைக்கு அந்த வழக்கம் உண்டு. கணவரின் அம்மா, எண்பதைத் தொடப்போகிறார். காலையில் எழுந்ததும் எல்லாச் செடிக்கும் தண்ணீர் காட்டாமல் காபி குடிக்க மாட்டார். "அத்தை, அதுக்கு மட்டும் ஊத்தாதீங்க" என்று நான் சொன்னபோது அவர் பார்த்த பார்வை இருக்கிறதே! குழந்தைக்குச் சோறு போடாதீர்கள் என்று சொன்ன மருமகளை வேறு எப்படிப் பார்ப்பார்?

அதைவிட, ஆவாரையை வீட்டு வாசலில் வைத்ததே அவருக்குப் பிடிக்கவில்லை. எதிர்வீட்டு அம்மாவும் அவரும் திண்ணையில் உட்கார்ந்து என் காதில் விழுகிற மாதிரியே பேசிக்கொண்டார்கள்.

"ஏனுங்கம்மிணி, உங்க மருமக ஆவாரைய வாசல்ல வெச்சிருக்குதாட்ட?"

"அத ஏன் கேக்கறீங்க. நாங்கல்லாம் காட்டுல ஆவாரைய வெட்டி எறிஞ்சு எறிஞ்சு கை காச்சுப்போச்சு. இவ நெத்து பொறுக்கியாந்து நடறா."

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. மானாவாரியில் சோளம் போட்டவர்களுக்கு ஆவாரை ஒரு தொல்லை. வெட்டினால் அடுத்த மழைக்கு அடிக்கட்டையில் இருந்து நான்காகத் துளிர்த்து வரும். தழையை வெட்டி வயலுக்கு உரமாகப் போட்டவர்களும் உண்டு. ஆனால் பெரும்பாலும் அது களையாகத்தான் பார்க்கப்பட்டது. களை என்று ஒரு தலைமுறை வெட்டி எறிந்ததை அடுத்த தலைமுறை பாத்தி கட்டி வைத்தால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்?

வெட்ட வெட்டத் துளிர்க்கிற அந்தக் குணத்தை வைத்து ஒரு காலத்தில் பெரிய வியாபாரமே நடந்தது. ஆவாரம்பட்டையில் 15 முதல் 20 சதவீதம் வரை டானின் உண்டு. பச்சைத்தோலைப் பதனிட்டு அழுகாத தோலாக மாற்றுவது அதுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்தில் இருந்து லண்டனுக்குக் கப்பல் கப்பலாகப் போன பதனிட்ட தோலுக்கு முக்கியச் சரக்கே ஆவாரம்பட்டையும் கடுக்காயும்தான். திண்டுக்கல், ஈரோடு, வாணியம்பாடித் தோல்கிடங்குகளுக்காக மானாவாரிப் பூமியெங்கும் கிளைகளை வெட்டி, தட்டி, பட்டை உரித்துக் காயவைத்து மூட்டை கட்டினார்கள். ஆவாரைக்கு ஆங்கிலத்தில் தோல் பதனிடுபவரின் பெயரையே வைத்திருக்கிறார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்பவர், பட்டைக்குப் பதில் குரோம் உப்பில் தோல் பதனிடுவதைச் சோதித்துக் காட்டினார். ஆவாரம்பட்டைக்குப் போட்டியாகத் தென்னாப்பிரிக்காவில் இருந்து வாட்டில் பட்டையும் வந்து இறங்கியது. பிறகு அந்த வாட்டில் மரத்தையே நீலகிரியிலும் பழனி மலையிலும் கொண்டுபோய் நட்டார்கள். இன்றைக்கு அங்கே சோலைப் புல்வெளியைத் தின்றுகொண்டிருப்பது அதேதான். கீழே தானாக விளைந்துகொண்டிருந்த பட்டையை விட்டுவிட்டு மேலே ஒரு தலைவலியை வளர்த்தோம் என்று எனக்குத் தோன்றும். ஆனால் தோல் தொழிலின் கணக்கு வேறு, அது எனக்குத் தெரிந்த கணக்கு இல்லை.

நமக்கு இதில் இருந்து வேண்டியது ஒன்றுதான்: தைரியமாகக் கவாத்து செய்யலாம். பூ முடிந்து நெத்து காய்ந்து தொங்குகிற நேரத்தில் ஆவாரை பார்க்க நன்றாக இருக்காது. சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைக் கேட்கக்கூடாது. செடி முழுக்கப் பழுப்புக் கந்தலாகத் தொங்கும். வீட்டுக்கு வருகிறவர்கள் செடி செத்துவிட்டதா என்று கேட்பார்கள். விதைக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு, ஆனி மாதம் இடுப்பளவுக்கு வெட்டிவிட்டால் ஆடித் தூறலிலும் ஐப்பசி மழையிலும் புதுக்கிளை விட்டு, தைக்குப் புதுப்பூவாக நிற்கும். வெட்டாமல் விட்டால் ஆளுயரத்துக்கு மேலே போய், கீழே விறகாகவும் மேலே பூவாகவும் ஆகிவிடும். காப்புக் கட்ட ஏணி போட வேண்டியிருக்கும்.

இப்போது பூவைப் பார்ப்போம். நான் சொல்வது கிட்டப்போய்ப் பார்ப்பது. தூரத்தில் இருந்து ஆவாரை வெறும் மஞ்சள். கிட்டே போனால் அது வேறு விஷயம்.

ஐந்து இதழ், ஒன்றுக்கொன்று அளவு கொஞ்சம் வித்தியாசமாக, ஓரம் சுருங்கி, மெல்லிசாக நரம்போடிக் கிடக்கும். நடுவில் பத்துக் கேசரங்கள். பத்தும் ஒரே மாதிரி இல்லை. மேலே மூன்று குட்டையாக, பேருக்குத்தான் இருக்கும், மகரந்தம் கிடையாது. நடுவில் நடுத்தர அளவில் நான்கு. கீழே மூன்று, நீண்டு வளைந்து கொம்பு போல முன்னால் துருத்தி நிற்கும். அவற்றின் நடுவே சூல்தண்டு, பச்சையாக வளைந்து. ஒரு பூவில் அது இடது பக்கம் சாய்ந்திருந்தால் பக்கத்துப் பூவில் வலது பக்கம் சாய்ந்திருக்கும். ஒரு கொத்தை ஒடித்துக் கையில் வைத்துக்கொண்டு பாருங்கள், இடது எத்தனை வலது எத்தனை என்று எண்ணலாம். என் மகள் சின்னவளாக இருந்தபோது அவளுக்கும் எனக்கும் அது ஒரு விளையாட்டு.

இந்தப் பூவில் தேன் கிடையாது. ஒரு சொட்டுகூட இல்லை. வருகிற விருந்தாளிக்குக் கொடுக்க இருப்பது மகரந்தம் மட்டும். அதையும் இது சுலபமாகக் கொடுக்காது. மற்ற பூக்களில் மகரந்தப்பை நெடுக வெடித்துப் பொடி வெளியே தெரியும், தொட்டால் ஒட்டும். ஆவாரையில் பை மூடியே இருக்கும், நுனியில் மட்டும் சின்ன ஓட்டை. அங்கேதான் கருவண்டு வருகிறது. காய்ந்த மரத்திலும் மூங்கிலிலும் உளி போட்டது போல வட்டமாக ஓட்டை குடைந்து குடியிருக்குமே, பெரிய கருவண்டு, அதேதான். வந்து பூவைக் காலால் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். இறக்கையை விரிக்காமல் மார்புத் தசையை மட்டும் அதிரவிடும். 'ர்ர்ர்' என்று ஒரு சத்தம். பறக்கிறபோது வருகிற ரீங்காரம் இல்லை அது, ஒரு சுருதி மேலே, வெட்டி வெட்டி. அந்த அதிர்வில் ஓட்டை வழியாக மகரந்தம் பீய்ச்சிக்கொண்டு வெளியே வரும். நடு நான்கில் இருந்து வருவதை வண்டு தன் குஞ்சுகளுக்கு எடுத்துக்கொள்ளும். அதே நேரத்தில் கீழ்க் கொம்பு மூன்றும் வண்டின் உடம்பில், அதன் கால் எட்டாத இடமாகப் பார்த்துப் பொடியை அப்பிவிடும். அடுத்த பூவில், எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கிற சூல்தண்டு சரியாக அதே இடத்தில் வந்து தொடும். நடுவில் இருப்பது வண்டுக்குக் கூலி, கீழே இருப்பது செடியின் சொந்த வேலை. ஒரே பூவுக்குள் இரண்டு கணக்குப் புத்தகம்.

தேனீப் பெட்டி வைத்திருப்பவர்கள் ஆவாரையை நம்பி வைக்காதீர்கள். தேனீக்கு இந்த அதிரும் வித்தை தெரியாது. கருவண்டு விட்டுப்போன மிச்சத்தைப் பொறுக்க வரும், அவ்வளவுதான்.

பூவில் தேன் இல்லை என்றேன். ஆனால் செடியில் தேன் உண்டு. கூட்டிலையில் ஜோடி ஜோடியாக இருக்கிற சிற்றிலைகளுக்கு நடுவே, காம்பின் மேல், குத்திட்டு நிற்கிற சின்னச் சுரப்பிகள் இருக்கும். அதில் ஊறுகிற இனிப்புக்கு எறும்புகள் காலை முதல் மாலை வரை ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். எறும்பைக் கண்டதும் மருந்தடிக்கிற ஆள் நீங்கள் என்றால் தயவுசெய்து விட்டுவிடுங்கள், அவை செடிக்குக் காவல். இருந்தும் புழு வரும். பச்சைப் புழு, இலையோடு இலையாக, பக்கவாட்டில் ஒரு கோடு ஓடும். ஒரு வாரத்தில் ஒரு கிளையை மொட்டையடித்துவிடும். அதற்கும் மருந்து வேண்டாம். வெளிர்ப்பச்சையாக, வேகமாகப் பறந்து போய்க்கொண்டே இருக்கிற வண்ணத்துப்பூச்சிக் கூட்டத்தை மழைக்காலத்தில் பார்த்திருப்பீர்கள். அதுவும், தரையோடு தாழப் பறக்கிற சின்ன மஞ்சள் வண்ணத்துப்பூச்சியும் முட்டையிடுகிற செடிகளில் ஆவாரையும் ஒன்று. இலை போனால் போகட்டும், திரும்ப வரும். பட்டாம்பூச்சி வேண்டும், புழு வேண்டாம் என்றால் எப்படி?

விதையோ செடியோ யாராவது கொடுத்தால் அது ஆவாரைதானா என்று பார்த்து வாங்குங்கள். மஞ்சள் பூ பூக்கிற சொந்தக்காரர்கள் நிறைய. தகரை உண்டு, பொன்னாவாரை உண்டு, சீமை அகத்தி உண்டு. திருநெல்வேலிப் பக்கம் பயிர் செய்து மலமிளக்கி மருந்துக்காகத் தூத்துக்குடி வழியாகக் கப்பலேற்றுகிற நிலாவாரையும் இதே குடும்பம்தான்.  ஆனால் மஞ்சள் கொன்றை என்று ஒன்று இருக்கிறது, அமெரிக்காவில் இருந்து அழகுக்காக வந்த மரம். முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் காட்டை மூடிக்கொண்டிருக்கிறது. அதை வெட்டி அகற்றுவதற்கு வழியாகக் காகிதக்கூழுக்குப் பயன்படுத்தத் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனத்துக்கு அரசு அனுமதி கொடுக்கிற அளவுக்குப் போயிருக்கிறது. அதை ஆவாரை என்று நினைத்து வைத்துவிடாதீர்கள். அடையாளம் சுலபம். இலைக்காம்பு தண்டில் சேருகிற இடத்தைப் பாருங்கள். ஆவாரைக்கு அங்கே காது வடிவில், வட்டமாக, இரண்டு பக்கமும் அகலமான இலைச்செதில்கள் இருக்கும். உதிராமல் ஒட்டிக்கொண்டே இருக்கும். அது இல்லை என்றால் அது ஆவாரை இல்லை.

தெலங்கானாக்காரர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமை. 2014-இல் மாநிலம் பிறந்ததும் தங்கேடு பூவை, அதாவது நம் ஆவாரையை, மாநிலப் பூவாக்கிவிட்டார்கள். பதுக்கம்மா பண்டிகையில் அடுக்கு அடுக்காக வைத்துச் சுற்றி ஆடுவது இந்தப் பூவைத்தான். நமக்குச் செங்காந்தள் மாநிலப் பூ. அதுவும் வறட்சி தாங்குகிற பூர்வீகச் செடிதான். கோடையில் தலையை மண்ணுக்குள் இழுத்துக்கொண்டு கிழங்காகக் கிடக்கும். எங்களுக்குப் பக்கத்து மூலனூர், தாராபுரம் காடுகளில் கண்வலிக்கிழங்கு என்று பந்தல் போட்டு விதைக்காக வளர்க்கிறார்கள். அழகு என்றால் அது அழகுதான். ஆனால் கிழங்கு முதல் விதை வரை விஷம், சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு நான் சொல்ல மாட்டேன். ஆவாரைக்கு அந்தப் பயம் இல்லை.

சங்கப் பாட்டுக்காரர்கள் ஆவாரையை விடவில்லை. அப்போது பெயர் ஆவிரை. கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் வருகிற பூப்பட்டியலில் ஆவிரையும் உண்டு, பூளையும் உண்டு. நம் காப்புக்கட்டுக் கொத்தில் மூன்றில் இரண்டு அங்கேயே சேர்ந்துவிட்டது. காதல் கைகூடாமல் மடல் ஏறுகிறவன் பனைமட்டைக் குதிரைக்குப் பூட்டுகிற மாலையும் ஆவிரைதான் என்று குறுந்தொகையில் வருகிறது. மல்லிகை சூடுகிற ஆள் மடலேற மாட்டான் போலிருக்கிறது.

மருந்தைப் பற்றிப் பேசாமல் விட்டால் சண்டைக்கு வருவீர்கள். ஆவாரை பூத்திருக்கும்போது யாரும் சாவதில்லை என்கிற பழமொழியைச் சொல்லாமல் எந்த யூட்யூப் வீடியோவும் ஆரம்பிப்பதில்லை. சித்த மருத்துவத்தில் ஆவாரைக் குடிநீர் சர்க்கரை நோய்க்குச் சொல்லப்பட்ட பழைய மருந்து. ஆவாரையோடு கொன்றை, நாவல், மருதம் எல்லாம் சேரும். பூச்சாறு கொடுத்த எலிகளுக்குச் சர்க்கரை குறைந்ததாக ஆய்வுகளும் வந்திருக்கின்றன. ஆனால் எலி வேறு, நம் வீட்டுப் பெரியவர் வேறு. ஆவாரம்பூ டீ குடிக்கிறேன் என்று மாத்திரையை நிறுத்தினவர்களை எனக்குத் தெரியும், அந்தக் கதையை இங்கே எழுத மனசில்லை. சித்த மருத்துவரிடம் போனால் முறையாகப் போங்கள், இங்கிலீஷ் மாத்திரை சாப்பிடுவதை அவரிடம் சொல்லுங்கள். நானாக எதையும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

டீயாகக் குடிக்க நன்றாகத்தான் இருக்கும், அது வேறு விஷயம். இலங்கையில் ரணவரா என்று சொல்லிச் சாதாரணமாகவே குடிக்கிறார்கள். பூவை நிழலில் காயவைக்க வேண்டும், வெயிலில் போட்டால் நிறம் போய்ச் சருகாகிவிடும். பச்சைப்பூவைப் பாசிப்பருப்போடு கூட்டு வைக்கலாம். காம்பையும் பச்சைப் புல்லிவட்டத்தையும் கிள்ளிவிட்டு இதழை மட்டும் போட்டால் துவர்ப்பு மட்டுப்படும், தேங்காய் கொஞ்சம் தாராளமாக இருக்கட்டும். நலங்குமாவுக்குக் காய்ந்த பூ எடுப்பவர்கள் பயத்தம்பருப்போடும் கஸ்தூரி மஞ்சளோடும் சேர்த்து மில்லில் கொடுத்து அரைப்பார்கள். அத்தை இப்போது பூவை உதிரவிடாமல் பறித்து முறத்தில் பரப்பி வைப்பது இந்த நலங்குமாவுக்குத்தான். செடியைப் பற்றின அபிப்பிராயம் மாறிவிட்டதா என்று நான் கேட்கவில்லை. தண்ணீர் ஊற்றுவதை மட்டும் நிறுத்திவிட்டார், எனக்கு அது போதும்.

இடம் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். நல்ல வெயில் வேண்டும், நாள் முழுக்க. மதில் நிழலிலும் மாமரத்தடியிலும் வைத்தால் ஒல்லியாக நீண்டு, பூக்க யோசிக்கும். செடிக்குச் செடி நான்கைந்து அடி இடைவெளி விட்டால் வேலி போலவே வைக்கலாம். தெருப்பக்கம் வேலியாக வைத்தால் இன்னொரு லாபம், தை மாதம் போகிற வருகிறவர்கள் ஆளுக்கொரு கொத்து ஒடித்துக்கொள்வார்கள். உங்களுக்குக் கவாத்து வேலை மிச்சம்.

மாடித் தொட்டியில் வருமா என்றால், உயிரோடு இருக்கும். அவ்வளவுதான். ஆணிவேரைத் தொட்டிக்குள் மடக்கி வைத்த ஆவாரை நான்கு கொத்துப் பூத்துவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும். தொட்டிதான் இருக்கிறது, ஆனாலும் காப்புக்கட்டுக்கு வீட்டிலேயே ஏதாவது வேண்டும் என்பவர்கள் பூளையை வையுங்கள். சிறுபீளை என்றும் சொல்வார்கள், வெள்ளையாகப் பஞ்சுக் கதிர் வைக்கும். காய்ந்த கதிரை அப்படியே மண்ணின் மேல் உதிர்த்து, மழை வரும்வரை மறந்துவிடலாம். வேர் சிறியது, பழைய பெயிண்ட் டப்பாவில் அடியில் ஓட்டை போட்டு, மண்ணோடு பாதிக்குப் பாதி மணல் கலந்து வைத்தால் வந்துவிடும்.